பெயரில்லாக் கைகள்: ஜப்பானிய ‘மிங்கேய்’ சிந்தனையும் நம் மண்பானையும்

முன்னுரை

கலை என்றவுடன் நம்மில் பலருக்குக் கோயில் சிற்பமும் பரதநாட்டியமும் ஓவியமும் நினைவுக்கு வருகின்றன. சோறாக்கும் பானையோ, அரிசி புடைக்கும் முறமோ, எண்ணெய் ஊற்றி ஏற்றும் அகலோ வருவதில்லை. அவை வெறும் புழங்குபொருள்கள், உடைந்தால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்பதே நம் எண்ணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் ஒரு சிந்தனையாளர் இவ்வெண்ணத்தைத் தலைகீழாகப் புரட்டினார். ஏழையின் சமையற்கட்டில் கிடக்கும் கிண்ணத்தில்தான் உண்மையான அழகு குடியிருக்கிறது என்றார். அச்சிந்தனையே ‘மிங்கேய்’ எனப் பெயர் பெற்றது.

மிங்கேய் என்பது என்ன? அதன் அளவுகோலைக் கொண்டு நம் மண்பானையை நோக்கினால் என்ன தெரிகிறது? அவ்வளவுகோல் நம் வரலாற்றுக்கு முழுதும் பொருந்துமா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மிங்கேய்: சொல்லும் வரலாறும்

யானகி முனேயோஷி (1889–1961) தோக்கியோவில் பிறந்தவர். சமயமும் மெய்யியலும் கற்றவர். அவர் கண்ணை முதலில் திறந்தவை ஜப்பானியப் பொருள்கள் அல்ல, கொரியப் பாண்டங்கள். 1914இல் கொரியாவில் ஆசிரியராகப் பணியாற்றிய அசாகாவா நோரித்தாக்கா, சோசோன் அரசர் காலத்து வெண்களிமண் சாடி ஒன்றை அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தார். யாரோ ஒரு குயவர் வீட்டுப் பயன்பாட்டுக்காகச் செய்த சாடி அது. அதன் அழகு யானகியைக் கொரியாவுக்கே இழுத்துச் சென்றது.

அன்று கொரியா ஜப்பானின் குடியேற்ற நாடாக இருந்தது. சியோலின் குவாங்குவாமுன் அரண்மனை வாயிலை இடிக்க ஆட்சியினர் திட்டமிட்டபோது, 1922இல் அதனை எதிர்த்து எழுதியவர் யானகி. வாயில் இடிபடாமல் இடம் மாற்றப்பட்டது. 1924இல் சியோலிலேயே கொரிய மக்கள் கலைக்கென ஓர் அருங்காட்சியகமும் அவர் முயற்சியால் எழுந்தது.

1925இல் யானகியும் அவர்தம் நண்பர்களாகிய குயவர்கள் ஹமாடா ஷோஜியும் (1894–1978) கவாய் கன்ஜிரோவும் (1890–1966) ஒரு பயணத்தின்போது புதுச் சொல் ஒன்றை ஆக்கினார்கள். ‘மின்’ என்றால் மக்கள். ‘கேய்’ என்றால் கலை. மக்களின் கைவினை என்னும் நீண்ட தொடரின் சுருக்கமே மிங்கேய். தொழிலதிபர் ஓஹாரா மகோசபுரோவின் பொருளுதவியுடன் 1936இல் தோக்கியோவின் கோமாபாவில் ஜப்பானிய மக்கள் கைவினை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்றும் அது இயங்கிவருகிறது.

அழகின் அளவுகோல்

ஒரு பொருளை மிங்கேய் என்று சொல்ல யானகி சில இயல்புகளை வகுத்தார். அவற்றை இவ்வாறு தொகுத்துக்கொள்ளலாம்.

1. அது பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்டிருக்க வேண்டும். பார்வைக்கு வைப்பதற்காக அன்று.
2. சாதாரண மக்கள் வாங்கும் விலையில் இருக்க வேண்டும்.
3. ஒன்றிரண்டாக இல்லாமல் மிகுதியாகச் செய்யப்பட வேண்டும்.
4. கையால் செய்யப்பட்டு, அந்தந்த வட்டாரத்தின் மண்ணையும் மரபையும் தாங்கியிருக்க வேண்டும்.
5. செய்தவர் தம் பெயரைப் பொறிக்காதவராக இருக்க வேண்டும்.

இவற்றுள் மூன்றாவது இயல்பு நமக்கு வியப்பளிக்கலாம். அரிதானதுதானே மதிப்புடையது? யானகியின் விடை வேறு. ஒரே வளைவை ஆயிரம் முறை செய்த கை, தான் செய்வதை மறந்து செய்கிறது. அங்கே தன்முனைப்புக்கு இடமில்லை. எனவே செயற்கைப் பகட்டும் இல்லை. இதற்கு எடுத்துக்காட்டாக மினாகாவா மசு (1874–1960) என்னும் அம்மையாரைக் கூறலாம். மாஷிக்கோ என்னும் குயவர் ஊரில் சிறுவயது முதல் முதுமை வரை தேநீர்க் கெண்டிகளில் மலையும் நீரும் வரைந்தவர் அவர். ஒரே காட்சியை நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கெண்டிகளில் வரைவார். நம் வாசலில் நாள்தோறும் புள்ளி வைத்துக் கோலமிடும் பாட்டியின் கையை நினைத்துக்கொண்டால் யானகி சொல்வது எளிதில் விளங்கும்.

கியோத்தோவின் டைத்தோக்குஜி மடத்தைச் சேர்ந்த கோஹோ-ஆன் என்னும் இடத்தில் ‘கிசாயெமோன்’ எனப் பெயரிடப்பட்ட தேநீர்க் கிண்ணம் ஒன்று உள்ளது. அது ஜப்பானின் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்ட ஒன்று. 1931இல் அதனைக் கையிலெடுத்துப் பார்த்த யானகி, இது கொரிய ஏழை ஒருவரின் சோற்றுக் கிண்ணம் என்று எழுதினார். செய்தவருக்கும் பெயரில்லை, உண்டவருக்கும் பெயரில்லை. பிற்காலத்தில் அதனை வைத்திருந்த வணிகரின் பெயர்தான் நிலைத்துவிட்டது. இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொள்வோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

நம்மவருள் ஒருவர்

யானகி இவ்வாறு எழுதத் தொடங்குமுன்பே, தமிழ்க் குருதியுடைய ஒருவர் இதே வழியில் நடந்திருக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தார். தந்தை, இலங்கைச் சட்டமன்றத்தில் அமர்ந்த தமிழர் சர் முத்து குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயர். நிலவியல் கற்று, இலங்கையின் கனிமவள ஆய்வுத் துறைக்கு இயக்குநரானார். கல்லைத் தேடி ஊர் ஊராகச் சென்றவர், அங்கே கொல்லரையும் தச்சரையும் குயவரையும் நெசவாளரையும் கண்டார். அவர்களுடைய தொழில் ஆலைப்பொருள்களின் வரவால் அழிவதையும் கண்டார்.

அதன் விளைவாக 1908இல் அவர் வெளியிட்ட நூல் இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றியது. கைவினையைப் போற்றிய ஆங்கில அறிஞர் வில்லியம் மோரிஸ் (1834–1896) பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே அந்நூலின் 425 படிகளை அவர் அச்சிட்டார். கைவினையைப் பற்றிய நூல் கையாலேயே அச்சாக வேண்டும் என்பது அவர் கொள்கை. அடுத்த ஆண்டே இந்தியக் கைவினைஞரைப் பற்றிய நூல் வந்தது. 1917 முதல் அமெரிக்காவின் போஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றி 1947இல் மறைந்தார். யானகியும் மோரிஸின் கருத்துகளை அறிந்தவர். ஆலைப் புகை சூழ்ந்த அக்காலத்தில் இங்கிலாந்திலும் இலங்கையிலும் ஜப்பானிலும் ஒரே கவலை வெவ்வேறு குரலில் ஒலித்தது என்று கொள்ளலாம்.

ஒரு பானை உருவாகும் முறை

இனி நம் மண்பானைக்கு வருவோம். சிலாங்கூர் மாநிலத்தில் கோல சிலாங்கூருக்கு அருகே மின்மினிப்பூச்சிக்குப் பெயர்பெற்ற கம்போங் குவாந்தான் பக்கம், தமிழ்க் குயவர் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பானை செய்துவந்திருக்கின்றன. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பொங்கலுக்கு முன் குவியும் பானைகளில் அவர்களின் கைவண்ணமும் உண்டு.

முதலில் களிமண்ணை எடுத்துக் கல்லும் வேரும் நீக்கி ஊறவைக்கிறார்கள். அளவாக மணல் சேர்த்து மிதித்துப் பிசைகிறார்கள். மணல் சேர்ப்பது ஏதோ எடையைக் கூட்டுவதற்கன்று. வெறும் களிமண் காயும்போது சுருங்கி வெடிக்கும். மணல் அந்தச் சுருக்கத்தைத் தாங்குகிறது. பின்னர்ச் சக்கரத்தில் மண்ணை ஏற்றிக் கழுத்தையும் வாயையும் வனைகிறார்கள். வாய்ப்பகுதி அப்போதே முடிந்துவிடும். அடிப்பகுதியோ தடிப்பாகவோ திறந்தோ இருக்கும். சற்றே காய்ந்தபின், உள்ளே ஒரு கல்லை அணைத்துப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மெலிதாக்கி உருண்டையாக மூடுகிறார்கள். தமிழ்நாட்டுக் குயவரும் கையாளும் பழைய முறை இதுவே. நிழலில் உலர்த்தி, செம்மண் குழம்பு பூசி, விறகும் தேங்காய் மட்டையும் வைக்கோலும் அடுக்கிய சூளையில் சுட்டெடுத்தால் பானை பிறக்கிறது.

அடி ஏன் உருண்டையாக இருக்க வேண்டும்? மூன்று கல் அடுப்பில் உருண்டை அடி உறுதியாக உட்காரும். தீ அடியைச் சுற்றிலும் ஒரே சீராகப் பரவும். தட்டையான அடியில் மூலைகள் உண்டு. வெப்பத்தால் விரியும்போது விரிசல் அம்மூலையில்தான் தொடங்கும். குறைந்த வெப்பத்தில் சுடப்பட்ட மண்ணில் நுண்துளைகள் மிகுதி என்பதால் நேரடித் தீயையும் அது தாங்குகிறது. அதே துளைகளின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது குடத்து நீர் குளிர்கிறது. ஆக, பானையின் அழகிய வளைவு எவரும் அழகுக்காக வகுத்ததன்று. அடுப்பும் தீயும் மண்ணும் கையும் கூடி வகுத்தது. யானகி பயன்பாட்டின் அழகு என்று கூறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும்

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரே சுட்ட மண்ணிலிருந்து பிறந்ததுதான். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்புக் குடிசைகளையும் அழித்தன. 1882இல் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டச் செய்தார். அதற்கான செங்கற்சூளைகள் எழுந்த நிலப்பகுதியே இன்றைய பிரிக்பீல்ட்ஸ். அச்செங்கல்லை அறுத்தவர்கள் யார் யார் என்று எந்தக் கட்டடத்திலும் எழுதப்படவில்லை.

2010இல் லிட்டில் இந்தியாவாக அறிவிக்கப்பட்ட அதே பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளானில் தெங்கு கிளானா சாலையிலும், பொங்கலுக்கு முந்திய வாரத்தில் கடைகடையாக ஏறி இறங்கிப் பானைகளைப் பார்த்தேன். இரண்டு வகைப் பானைகள் இருந்தன. ஒன்று, வண்ணம் தீட்டிப் பூவும் கரும்பும் வரைந்து மினுமினுப்பு ஒட்டிய பானை. மற்றொன்று எதுவும் பூசாத செம்பானை. வண்ணப்பானை கண்ணாடிக்குள் இருந்தது. செம்பானை ஐந்தடியில் வெயிலில் அடுக்கப்பட்டிருந்தது. வண்ணப்பானையை அடுப்பில் வைக்கலாமா என்று கடைக்கார அக்காவைக் கேட்டேன். “அது அழகுக்கும்மா, சாமி மேடையில வைக்கலாம். பொங்க வைக்கணும்னா எவர்சில்வர்ல வெச்சிருங்க, அடுக்குமாடி வீட்டு அடுப்புல மண்பானை நிக்காது,” என்றார்.

அவர் சொன்னதில் தவறே இல்லை. மூன்று கல் அடுப்பும் விறகும் அடுக்குமாடி வீட்டில் இல்லை. அடுப்பு மாறியதும் உருண்டை அடிக்கு இடமில்லாமல் போயிற்று. சமையலிலிருந்து விலகிய பானை இப்போது அலங்காரப் பொருளாக மாறிக்கொண்டிருக்கிறது. யானகியின் அளவுகோலில் இது பெரும் வீழ்ச்சி. பயன்பாடு நீங்கியபின் பூச்சு ஏறுகிறது; பூச்சு ஏற ஏற உள்ளிருக்கும் மண்ணின் தரத்தை எவரும் தட்டிப் பார்ப்பதில்லை. நல்ல பானையைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும் என்பது நம் பாட்டிமார் அறிந்த செய்தி. வண்ணப்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவோர் இல்லை.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே கிள்ளானில் பாக்குத்தே கடைகளில் மண்சட்டி இன்றும் நாள்தோறும் தீயில் கொதிக்கிறது. சீனரின் மண்சட்டி நவீன அடுப்போடு ஒத்துப்போய்விட்டது. உணவோடு ஒட்டிக்கொண்டு பிழைத்தும்விட்டது. ஆக, காலம் மாறியதால் மட்டுமே மண்பாண்டம் அழிகிறது என்று கூறிவிட முடியாது. நம் சமையலில் அதற்கு ஆண்டுக்கு ஒருநாள் மட்டுமே இடம் கொடுத்திருக்கிறோம் என்பதே உண்மை. மீன்குழம்புக்கும் தயிர் உறையூற்றவும் மண்சட்டியைத் தேடுவோர் நம்மில் எத்தனை பேர்?

பெயரின்மை பெருமையா?

இவ்விடத்தில் யானகியோடு நான் மாறுபட வேண்டியிருக்கிறது. பெயரில்லாக் கைவினைஞரை அவர் போற்றினார். புகழ் நாடாத எளிமை என்று அதனைக் கண்டார். ஆனால் பெயர் இல்லாமை இருவகைப்படும். தன் பெயரைத் தானே விலக்கிக்கொள்வது ஒன்று. பெயர் கேட்கப்படாமலே போவது மற்றொன்று.

யானகியின் நண்பர் கவாய் கன்ஜிரோ தம் பாண்டங்களில் பெயர் பொறிக்க மறுத்தார். அரசு அளித்த உயரிய விருதுகளையும் ஏற்கவில்லை. அது முதல் வகை. மற்றொரு நண்பர் ஹமாடாவும் பெயர் பொறிக்காதவரே. எனினும் 1955இல் வாழும் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டு உலகப் புகழ் பெற்றார். அவர் செய்த கிண்ணங்கள் சாதாரண மக்கள் வாங்க இயலாத விலைக்குச் சென்றன. பெயரைத் துறக்க வேண்டுமானால் முதலில் பெயர் இருக்க வேண்டும் அல்லவா?

நம் குயவரின் பெயரின்மை இரண்டாம் வகை. தமிழகத்தில் மண்பாண்டத் தொழில் பிறப்பால் வகுக்கப்பட்டது. பானை இல்லாமல் திருமணமும் இல்லை, இறுதிச் சடங்கும் இல்லை; ஆனால் வனைந்தவருக்குச் சமூகத்தில் உரிய மதிப்பும் இருந்ததில்லை. கடல் கடந்து மலாயா வந்தபோதும் நம் முன்னோர் ஆள்கணக்கில் ஓர் எண்ணாகவே எழுதப்பட்டனர். பால்மரம் வெட்டியவர், தண்டவாளம் போட்டவர், செங்கல் அறுத்தவர் என எவர் பெயரும் நிலைக்கவில்லை. இந்நிலையைப் பார்த்து அழகு என்று வியக்க எனக்கு மனம் வரவில்லை. கிசாயெமோன் கிண்ணத்தில் நிலைத்தது செய்த குயவரின் பெயரன்று, வைத்திருந்த வணிகரின் பெயர் என்பதையும் இங்கு மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். ஆகவே பானையின் அழகை யானகியிடமிருந்து கற்றுக்கொள்வோம். பானை வனைந்தவரின் பெயரை நாமே கேட்டு எழுதிவைப்போம்.

பொருள் போனால் சொல்லும் போகும்

மொழி மாணவர்களாகிய நமக்கு மற்றோர் அக்கறையும் உண்டு. தமிழ் எழுத்தின் மிகப் பழைய சான்றுகளில் பல, பனையோலையில் அன்று, பானையோட்டில்தான் கிடைத்திருக்கின்றன. கொடுமணலிலும் கீழடியிலும் தோண்டியெடுத்த ஓடுகளில் ஆதன், குவிரன் முதலிய பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. தாய்லாந்தின் பூ காவ் தோங் என்னுமிடத்தில் கிடைத்த கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பானையோட்டிலும் தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. ஏடு மக்கிப்போன இடத்தில் ஓடு நின்று பேசுகிறது. தென்கிழக்காசியாவுக்குத் தமிழ் வந்த தடத்தைக் காட்டுவதும் உடைந்த பானைதான்.

மலாய்மொழியிலும் இத்தடம் உண்டு. கட்டில், பெட்டி, திரை ஆகிய நம் சொற்கள் மலாய்ச் சொற்களாக இன்றும் வழங்குகின்றன. அரசரும் புலவரும் மட்டுமல்லர், வீட்டுச் சாமான்களும் கடல் கடந்து மொழியைக் கொண்டுசென்றன.

தமிழ்ப்பள்ளியில் படித்தபோது உறி, முறம், உலக்கை, அம்மி என்னும் சொற்களைப் படத்தைப் பார்த்தே கற்றேன். பின்னர்த் தேசிய இடைநிலைப்பள்ளியில் ஓவியக்கலைப் பாடத்தில் கோல கங்சாரின் லாபு சாயோங் நீர்க்குடுவையையும் பாத்திக்கையும் சொங்கேட்டையும் வாவ் பட்டத்தையும் கற்றேன். கரிய லாபு சாயோங்கின் வடிவம் சுரைக்காயிலிருந்து வந்தது, உமியில் புதைத்துக் கருமை ஏற்றுகிறார்கள் என்றெல்லாம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அதே அளவுக்கு நம் பானையைப் பற்றி எழுதச் சொன்னால் எழுத நம்மிடம் சொற்களே குறைவு. ஆனால் மொழியில் அவை குறைவா? வாய் அகன்றது சட்டி, வாய் குறுகி வயிறு பருத்தது பானை, நீர் முகப்பது குடம், சிறியது கலயம், நீர் இறைப்பது தோண்டி, பெரிதாக நீர் நிரப்பி வைப்பது சால், மிகப் பெரியது தாழி, மூடப் பயன்படுவது மடக்கு, விளக்கேற்றுவது அகல், உருண்டை அடி உருளாமல் தாங்கும் வைக்கோல் வளையம் பிரிமணை. ஒவ்வொரு சொல்லும் ஒரு வடிவம், ஒரு வேலை. எல்லாவற்றையும் ‘பாத்திரம்’ என்று சொல்லப் பழகியபின், இவ்வேறுபாடுகளைப் பார்க்கும் கண்ணும் மங்கிவிடுகிறது.

யானகி இவ்வுறவை நன்கு உணர்ந்திருந்தார். 1940இல் ஒக்கினாவா தீவுக்கு அவர் குழுவினர் சென்றபோது, அங்குப் பள்ளிப் பிள்ளைகள் தம் தாய்மொழி பேசினால் கழுத்தில் தண்டனை அட்டை மாட்டும் வழக்கம் இருந்தது. பொது ஜப்பானிய மொழியை மட்டுமே பேசவேண்டும் என்ற அரசின் இயக்கத்தை அவர் வெளிப்படையாக எதிர்த்தார். ஒக்கினாவாவின் துணியையும் பாண்டத்தையும் போற்றிவிட்டு அம்மக்களின் மொழியை அழிப்பது எவ்வாறு பொருந்தும் என்பதே அவர் நிலைப்பாடு. இதனை மறுபுறமாகவும் கேட்கலாம். மொழியைப் போற்றிவிட்டு, அம்மொழி புழங்கிய பொருள்களைக் கைவிடுவது எவ்வாறு பொருந்தும்?

இரண்டு வழிகள்

குயவரின் பிள்ளை குயவராகவே இருக்க வேண்டும் என்று எவரும் கூற முடியாது. அவர்கள் பல்கலைக்கழகம் வருவது நமக்கு மகிழ்ச்சியே. அப்படியானால் தொழில் எவ்வாறு நிலைக்கும்? ஜப்பானில் இரண்டு வழிகள் தெரிகின்றன.

ஒன்று, ஒந்தா என்னும் சிற்றூரின் வழி. ஓடை நீரின் விசையால் ஏறி இறங்கும் மர உலக்கைகள் அங்கே இன்றும் களிமண்ணை இடிக்கின்றன. சில குடும்பங்கள் மட்டுமே தந்தை வழியில் மைந்தருக்குத் தொழிலைக் கொடுத்துவருகின்றன. தனிப்பட்ட பெயரைப் பொறிப்பதில்லை. ஊரின் பெயரே போதும். மற்றொன்று, மாஷிக்கோவின் வழி. ஹமாடா குடியேறிய பின்னர் வெளியூர் இளைஞர்கள் அங்கு வந்து பயின்று சூளை அமைத்தார்கள். பிறப்பு அங்கே தடையாகவில்லை. கற்கும் ஆர்வமே தகுதியாயிற்று.

நமக்கு ஏற்றது மாஷிக்கோவின் வழியே என்பது என் கருத்து. சாதியோடு ஒட்டிய தொழிலைச் சாதியிலிருந்து பிரித்துக் கலையாகவும் கல்வியாகவும் ஆக்கினால்தான் அது மதிப்போடு வாழும். மலேசியாவில் அதற்கு வாய்ப்பும் இருக்கிறது. ரவாங்கில் உள்ள தேசியக் கைவினைக் கழகத்தில் மண்பாண்டக் கலை முறையாகப் பயிற்றுவிக்கப்படுகிறது. தேர்ந்த கைவினைஞர்களுக்கு ‘அடிகுரு’ என்னும் சிறப்பும் நாட்டில் வழங்கப்படுகிறது. சக்கரத்தில் வனைந்து பலகையால் தட்டி மூடும் நம் முறையும் அத்தகைய இடங்களில் கற்பிக்கப்படும் நாள் வரவேண்டும்.

முடிவுரை

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது நம் பழமொழி. சட்டியே இல்லாமற்போனால் பழமொழி மட்டும் எத்தனை நாள் நிற்கும்? மாணவர்களாகிய நாம் செய்யக்கூடியவை எளியவை. வரும் பொங்கலுக்கு வளாகத்தில் பொங்கல் வைக்கும்போது வண்ணம் பூசாத செம்பானையை, செய்தவரிடமே சென்று வாங்குவோம். திறந்தவெளியில் மூன்று கல் வைக்க நம் வளாகத்தில் இடமுண்டு. அப்போது அவர் பெயரையும், அவர் கையாளும் கருவிகளின் தமிழ்ப் பெயர்களையும் கேட்டுக் குறித்துக்கொள்வோம். தட்டும் பலகைக்கும் உள்ளணைக்கும் கல்லுக்கும் அக்குடும்பத்தில் வழங்கும் சொற்கள் எந்த அகராதியிலும் ஏறாமலே மறையக்கூடும். அடுத்த இதழில் அச்சொற்பட்டியல், சொன்னவரின் பெயரோடு வெளிவருமாயின் இக்கட்டுரை எழுதப்பட்டதன் பயன் நிறைவேறும்.